கருப்பு ஊற்றுவதற்கு முன்

ஆரணி
அக்டோபர் 4, வெள்ளி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சுபா எழுதுவது. எனக்கும், வெம்பாக்கத்தில் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குளிரில் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாளைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இவளுக்கு என்ன வந்தது கடிதம் எழுத என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நாலு வரி சமாதானம் சொல்லிவிடுகிறீர்கள். வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. உங்கள் முதுகுக்குப் பின்னால் வேறு யாராவது ஒரு வெள்ளைக்காரர் காபிக் கோப்பையோடு நடந்துகொண்டே இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டே நான் எப்படி அழுவது? அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போன் போடுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. அத்தை ஒரு மூட்டை வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், நீங்கள் வந்த பிறகுதான் ஆபரேஷன் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, பின்பக்கச் சுவர் முழுக்க ஓதம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை யார் வாங்கிக் கொடுத்தது? தீயணைப்பு வண்டி மாதிரி நிற்கிறீர்கள். எனக்குக் குஞ்சம் கட்டும் வேலை குறைந்துவிட்டது. தனக்கோடி முதலாளி கடையிலிருந்து முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு கட்டுப் புடவை வரும், இப்போது ஒன்றுகூட வருவதில்லை. அது ஏன் என்பதும் இந்தக் கடிதத்திலேயே வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியன்று அங்கே மாநாட்டில் நீங்கள் பேசும்போது உங்கள் மாணவி இனியாவும் திரையில் வந்து இரண்டு நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும், அவளைத் தயார் பண்ணு, நல்ல சுடிதார் ஒன்று எடுத்துக் கொடு என்று சொன்னீர்கள். சரியென்று நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெச்.எம். கீதா மேடம் என்னை உட்கார வைத்து, காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு இனியா பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை என்றார். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, உங்கள் பசுமைச் சங்கத்தின் செயலாளர், வராமல் இருக்கிறாள் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கீதா மேடத்திடம் கேட்டால், வெளிநாட்டில் இருக்கிறவரை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டாராம்.

ஏன் வரவில்லை என்று விசாரித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தெருவில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் வெம்பாக்கத்து வயல்காட்டிலிருந்து வந்தவர். உங்களுக்கு நெல் தெரியும், பாடப் புத்தகம் தெரியும். நான் சாயப்பட்டறைத் தெருவில் பிறந்தவள். ஒரு முதலாளி புதுக் கலர் சொல்லி அனுப்பினால், எங்கள் ஆட்கள் சாயம் போட்டு முடித்துத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும்போது கூடவே ஒரு வாளி பழைய கருப்புச் சாயத்தையும் கால்வாயில் ஊற்றுவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். கால்வாயைப் பார்த்தே யார் கடைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற கண் இந்த ஊரில் நிறைய உண்டு. கருப்பு விழுந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பல் தேய்ப்பதை யாராவது விளக்குவார்களா, அந்த மாதிரிதான் இதுவும். எனக்கும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

நீங்கள் பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள்? கழிவுப் பட்டு நூலில் வெள்ளையாக ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் நனைத்து வாருங்கள், தினமும் ஒன்றாக வராந்தாவில் கொடி கட்டித் தொங்கவிடுவோம், கமண்டல நாகநதிக்கு நாம் என்ன அனுப்புகிறோம் என்று ஊர் பார்க்கட்டும் என்றீர்கள். பிள்ளைகளும் குதித்துக்கொண்டு செய்தார்கள். சுவரில் நீங்கள் ஒட்டிய, கட்டத்துக்கு ஒரு கலராகப் பதினேழு கட்டம் போட்ட ஐ.நா. உலக இலக்கு அட்டையைப் பார்த்து, இது அரக்கு, இது மயில் கழுத்து, இது மாம்பிஞ்சு என்று அவர்கள் பேர் வைத்துச் சிரித்ததை நீங்களே வந்து சொல்லிச் சிரித்தீர்கள். அந்தக் கொடியின் போட்டோதான் உங்களை இந்த ஆசிரியர் பயிற்சிக்கும் மாநாட்டுக்கும் விமானம் ஏற்றியது.

அதோடு நிற்கவில்லை நீங்கள். வேறு தண்ணீர் கலந்த பிறகு நனைத்தால் கணக்கு தப்பிவிடும், ஊற்றுக்கண்ணிலேயே எடுக்க வேண்டும், அதுதான் விஞ்ஞானம் என்று பாடம் நடத்தினீர்கள். இனியா நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் செய்தாள். அவள் அப்பா சுப்பன் என் அண்ணன் பாலுவின் பட்டறையில் தொட்டி பார்க்கிறவர். மகள் உள்ளே வந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? அவருக்கும் பெருமை. கருப்பு ஊற்றுவதற்கு முன்பே, தொட்டி வாயிலேயே, கொதிக்கக் கொதிக்க நூலை நனைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தனக்கோடி முதலாளி இந்தத் தீபாவளிக்கென்று ஒளித்து வைத்திருந்த ஜோடி, வெங்காயத் தோல் கலர் உடலுக்கும் நாவல்பழக் கலர் கரைக்கும், இரண்டுமே பள்ளிக்கூட வராந்தாவில் அடுத்தடுத்துத் தொங்கியிருக்கிறது.

ஆவணியில் ஒருவர் காரில் வந்தாரே, பசுமைச் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன், படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று? நீங்களே டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு நூலையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்களே? அவர் வெளியூர்ப் பவர்லூம்காரருக்குக் கலர் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். நீங்கள் விமானம் ஏறிய சில நாளில் அதே ஜோடி சென்னைக் கடைகளில் மலிவுப் புடவையாகத் தொங்குகிறது. முதலாளியின் கைத்தறிப் புடவையை ஆர்டர் கொடுத்தவர்களே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து போயிற்று என்று அவர் தேடிக்கொண்டு வந்து கடைசியில் நின்ற இடம் உங்கள் வராந்தா.

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு அவர் நூல் அனுப்புவதில்லை, வெளியூரில் சாயம் போட்டுக்கொள்கிறார். மற்ற முதலாளிகளும் அவர் வழியே போய்விட்டார்கள். பாலு அண்ணன் பட்டறையில் அடுப்பு எரியவில்லை. நம் கல்யாணத்துக்கு வராதவன், போன வருஷம்தான் நம் வீட்டு வாசல் மிதித்தான், உங்களுக்குத் தெரியும். நேற்று வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "உன் வூட்டுக்காரர் உலகத்துக்கே பாடம் எடுக்கட்டும். எங்க தெருவுக்கு மட்டும் லீவு வுட சொல்லு" என்றான். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமலே போய்விட்டான்.

சுப்பனுக்கு வேலை இல்லை. அதனால்தான் பெண் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கீதா மேடம் சொல்கிறார். நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் கவலைப்படாமல் சாப்பிடுங்கள் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் கொஞ்சம் கவலையும் படுங்கள்.

உங்கள்
சுபா


ஆரணி
அக்டோபர் 13, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

சுபாவின் வணக்கம். குளிர் இன்னும் கூடியிருக்கிறது என்றீர்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

கடிதம் படித்துவிட்டு நீங்கள் போனில் பேசியதை நான் இன்னும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நடந்தது வருத்தம்தான், ஆனால் எந்த மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு, கொஞ்ச நாளில் மக்களே புரிந்துகொள்வார்கள் என்றீர்கள். அந்த விலையை யார் தலையில் கட்டினோம் என்று கேட்க வாயெடுத்தேன், யாரோ உங்கள் அறைக் கதவைத் தட்டினார்கள், வைத்துவிட்டீர்கள். கோபமாக எழுதவில்லை. கோபம் வந்து போயாயிற்று.

இனியா வீட்டுக்குப் போனேன். ரைஸ்மில்லுக்குப் பின்னால், மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும். அவள் அம்மா காத்தாயி மட்டும் இருந்தார். சுப்பன் அந்த மில்லிலேயே மூட்டை தூக்கப் போகிறார், தொட்டி பார்த்த கைக்கு அது பழக்கமில்லை, தோள் வீங்கிக் கிடக்கிறதாம். இனியா எங்கே என்று கேட்டேன். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், விடிவதற்கு முன்னால் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, விளக்கு வைத்த பிறகுதான் இறக்கிவிடுகிறது என்றார். சின்ன வயதில் ஒரு வருஷம் பிந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களே, அதனால் பதினெட்டு முடிந்திருக்கிறது. கம்பெனியில் ஆதாரைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம், உதவி எண் என்று நீங்கள் போனில் சொன்ன எதற்கும் இங்கே வேலையில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், பாதி வருஷம் தாண்டிவிட்டது, பரீட்சை மட்டும் எழுதட்டும் என்று கெஞ்சினேன். காத்தாயி ஒன்றும் கத்தவில்லை. எனக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னார். "உலை வெக்கணுமேம்மா. அவ படிப்புதான் அவங்கப்பன் வேலைய தின்னுடுச்சின்னு தெருவே பேசிகினு கீது. அத்த காதுல வாங்கிகினு அவ எப்பிடி பையை மாட்டிகினு போவா?" வேர்க்கடலை கொண்டுபோயிருந்தேன், அதை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கீதா மேடம் வேறு ஒரு கெடு சொல்கிறார். பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் பெயர்ப் பட்டியல் இந்த மாதக் கடைசி திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போய்விடுமாம். அதற்குள் இனியா வந்து உட்கார்ந்தால் பெயர் இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். அப்புறம் தனியாகப் பணம் கட்டி எழுதலாம் என்கிறார் மேடம். ஷூ கம்பெனிக்குப் போன எந்தப் பிள்ளை தனியாகக் கட்டி எழுதியிருக்கிறது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். சுப்பனுக்குப் பழைய வேலை கிடைத்தால் பெண் திரும்பி வருவாள். பட்டறை அடுப்பு எரிந்தால் சுப்பனுக்கு வேலை கிடைக்கும். முதலாளி நூல் அனுப்பினால் அடுப்பு எரியும். ஆகவே முதலாளியிடம்தான் போக வேண்டும் என்று தோன்றியது. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பீர்கள் என்று தெரியும்.

தனக்கோடி முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்து, உங்களைப் பற்றிக்கூட நன்றாகத்தான் விசாரித்தார். அவர் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்திலும் அதே பதினேழு கட்டத்துப் படம் மாட்டியிருக்கிறதாம், அதில் பேத்தி பரிசு வாங்கியிருக்கிறாளாம், போனில் எடுத்துக் காட்டினார். நான் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவரேதான் ஆரம்பித்தார். "ஆத்துத் தண்ணி கெட்டுப்போச்சின்னு எனக்கு தெரியாதா பாப்பா? எங்க வூட்ல கேன் தண்ணிதான். ஆனா கலர் வெளிய போனா வியாபாரம் போச்சி, வியாபாரம் போனா உங்க தெருவே போச்சி. ஆத்த பத்தி பேச ஆள் கெடைக்கும். இந்த தெருவுக்கு வேலை குடுக்க ஆள் கெடைக்காது."

நூலை அனுப்புகிறேன், ஆனால் கொடி இறங்க வேண்டும் என்றார். பிள்ளைகள் இனி பட்டறைப் பக்கம் வரக் கூடாது. சங்கம் மூட வேண்டும். எங்கள் மாணவர்கள் சோதித்ததில் கால்வாய்த் தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று பள்ளிக்கூடத் தாளில் ஒரு வரி எழுதித் தர வேண்டும். அது எதற்கு என்று கேட்டேன். உங்கள் போட்டோ ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த பிறகு அதிகாரிகள் வந்து போகிறார்களாம், அவர்களிடம் காட்ட வேண்டுமாம்.

கீதா மேடம் எதிர்ப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பெற்றோர் சங்கத்துக்காரர்கள் ஏற்கெனவே வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள் போல. உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டார். கொடியை யார் இறக்குவது என்று கேட்டபோது பியூன் நழுவிவிட்டார். நான்தான் நாற்காலி போட்டு ஏறினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், அக்கா, இன்னைக்குள்ளது இன்னும் கட்டலைங்களே என்று கையில் ஈர நூலோடு நின்றாள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நீங்கள் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போய் நின்று, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கட்டிய கொடி. ஆனால் கொடியா பெண்ணா என்று வந்தபோது நான் பெண்ணை எடுத்தேன். உங்களாலும் அதைத்தான் செய்ய முடியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் ஏறினேன். திட்டுவதாக இருந்தால் அவள் பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்த பிறகு திட்டுங்கள்.

உங்கள்
சுபா


ஆரணி
அக்டோபர் 26, சனி

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது என்று தெரியாமலே எழுதுகிறேன். போன கடிதத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்று நீலக் குறி காட்டுகிறது. அதற்குப் பிறகு போன் இல்லை, ஒரு வரி இல்லை. அத்தையிடம் மட்டும் பேசியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறான் என்று அவர்கள் சொன்னதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். மூன்றாம் நாளே நூல் வந்துவிட்டது, தெருவில் எல்லாப் பட்டறையிலும் அடுப்பு எரிகிறது. பாலு அண்ணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டான். உன் வூட்டுக்காரர் வரட்டும், பழசெல்லாம் மறந்துடலாம் என்றான். சுப்பன் திரும்பத் தொட்டியில் நிற்கிறார். எனக்கும் குஞ்சத்துக்குப் புடவை வர ஆரம்பித்துவிட்டது. கால்வாயில் என்ன ஓடுகிறது என்று கேட்காதீர்கள். இப்போது எல்லாப் பட்டறையிலும், புதுக் கலர் இல்லாத நாளிலும்கூட, தண்ணீர் திறப்பதற்கு முன்னாலேயே கருப்பை ஊற்றிவிடுகிறார்கள். முன்பு வாரத்துக்கு ஒரு வாளி போனது, இப்போது நாளெல்லாம் கருப்பாகவே போய் ஆற்றில் விழுகிறது. நாம் சரிசெய்கிறோம் என்று இறங்குவதற்கு முன்னால் ஆறு இதைவிடத் தேவலாம். நீங்கள் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இனியா வீட்டில் இருப்பாள் என்று தெரிந்து போனேன். புதுச் சுடிதார் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன், நீங்கள் சொன்ன மாதிரி. அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது, பட்டியலில் பெயர் இருக்கிறது, நாளைக்கே கிளம்பி வா, தீபாவளிக்கு சாரோடு திரையில் பேசலாம் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். மடையச்சி நான்.

பெண் இளைத்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் பசை ஏறித் தோல் உரிந்து கிடக்கிறது. முதலில் உங்களைப் பற்றித்தான் கேட்டாள். சார் இருக்கிற நாட்டுப் பேரை ஒரு அட்டைப்பெட்டி மேல் பார்த்தாளாம், அங்கே போகிற சரக்காம், அதில் அடுக்கும்போது சார் கடையில் இதைப் பார்ப்பாரோ என்று நினைத்தாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள். நாமெல்லாம் உலகக் குடிமக்கள் என்று பள்ளிக்கூடச் சுவரில் நீல பெயிண்டில் எழுதியது அவள்தானே.

அப்புறம் கொடி இறங்கிய கதையை எப்படி அறிந்தாளோ, என்னிடமே கேட்டாள், நீங்களா அக்கா இறக்கினது என்று. ஆமாம், உனக்காகத்தான் என்றேன். பள்ளிக்கூடத் தாளில் எழுதிக் கொடுத்ததையும் கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். காத்தாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு இனியா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், என்னால் மாற்ற முடியாது.

"எங்கப்பா வேலை என்னாலதான் போச்சின்னு நானே கெளம்பி கம்பெனிக்கு போனேன்க்கா. அது எனக்கு கஷ்டமா இல்ல. சார் சொன்னது நெஜம், நான் நனைச்ச நூல் நெஜம், அதுக்கு நாங்க கஷ்டப்படறோம்னு நெனைச்சிகினு இருந்தேன். இப்ப தண்ணியில கொறையே இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான் நான் உள்ள வரலாம்னா, அங்க வந்து நான் இன்னாத்த படிக்கறது?"

நான் குஞ்சம் கட்டுகிறவள், வாத்தியார் இல்லை. அழுதேன். அவள்தான் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், பசை நாற்றம் அடித்தது. அழாதீங்கக்கா, எனக்கு உங்க மேல கோவம் இல்ல என்றாள். உங்கள் மேலும் இல்லையாம், அதையும் சொல்லச் சொன்னாள். சுடிதாரை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டாள். மறுநாள் வேனில் போய்விட்டாள், இந்த வாரம் முழுக்கப் போனாள்.

சுப்பனும் காத்தாயியும் அனுப்பத் தயார். முதலாளி தயார், மேடம் தயார், பட்டியலில் இடம் தயாராக இருக்கிறது. அவள் ஒருத்திதான் வரமாட்டேன் என்கிறாள். எல்லாரையும் விலைக்கு வாங்கிவிட்டேன் நான், அவளைத் தவிர. நாளை மறுநாள் பட்டியல் போகிறது.

என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், ஊருக்கு வந்து ஆற அமரத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இல்லை, என்னோடு இனிமேல் பேசவே பிடிக்காது என்றாலும் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

தீபாவளியன்று மேடையில் அந்தக் கொடியின் படத்தைக் காட்டுவீர்கள். வெளிச்சத்தில் நூலெல்லாம் அழகாகத்தான் இருக்கும், கைதட்டுவார்கள். தட்டி முடித்த பிறகு, இதைக் கட்டிய பெண் எங்கே, ஏன் வரவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும் நீங்கள்? அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, அவள் வீட்டில்தான் இருப்பாள். காத்தாயி நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன், வெள்ளைக்காரர், மாநாடு எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவளோடு பேசுங்கள். சமாதானம் சொல்லாதீர்கள், அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்களிடம் பதில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், அதைக்கூட அவள் உங்கள் வாயிலிருந்து கேட்டால்தான் நம்புவாள். என்னை அவள் நம்ப மாட்டாள், எப்படி நம்புவாள், கொடியை இறக்கியவள் நான்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். மணி அடித்துக் கதவைச் சாத்தும்வரை நிற்பேன்.

காதை மூடிக்கொண்டு போங்கள். பெருமாள் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் திட்டுக்காகக் காத்திருக்கும்
சுபலட்சுமி